கோதமும் நியூயார்க்கும் ஒரே வரைபடத்தில் இருப்பது எப்படி?

கேட்கப்பட்ட கேள்வி இது: டிசி காமிக்ஸில் பேட்மேன் வாழும் கோதமும் சூப்பர்மேன் வாழும் மெட்ரோபோலிஸும் நியூயார்க்குக்கு வைத்த மாற்றுப்பெயர்கள் என்று நினைத்திருந்தேன். ஆனால் அதே கதைகளில் நியூயார்க்கும் வாஷிங்டனும் சொந்தப் பெயரிலேயே வருகின்றன. அப்படியானால் கோதம் எங்கே இருக்கிறது? இத்தனை பெருநகரங்களும் ஒரே கடற்கரையில் எப்படி அடங்கும்? டிசியின் போட்டிப் பதிப்பகமான மார்வெலின் கதைகளில் மட்டும் ஏன் இந்தச் சிக்கல் இல்லை?

நீங்கள் நினைத்ததில் தவறில்லை. தொடக்கத்தில் அவை மாற்றுப்பெயர்கள் போலத்தான் இருந்தன. பிறகுதான் ஒவ்வொன்றும் தனித்தனி ஊராகிவிட்டது. யாரும் வரைபடத்தை விரித்து வைத்து, இங்கே கோதம், அங்கே மெட்ரோபோலிஸ் என்று புள்ளி வைத்துக்கொண்டு கதை எழுதத் தொடங்கவில்லை. முதலில் ஊர்கள் வந்தன. பிறகு அந்த ஊர்களின் நாயகர்கள் ஒருவரையொருவர் சந்திக்கத் தொடங்கினார்கள். வரைபடம் அதற்கும் வெகுகாலம் கழித்து வந்தது. அதனால் அதில் ஒட்டுப்போட்ட தையல்கள் தெரியத்தான் செய்யும். ஆனால் நியூயார்க் அங்கே இருப்பது கவனக்குறைவால் நேர்ந்த பிழை அல்ல என்பது என் உறுதியான கருத்து. பக்கத்தில் ஒரு நிஜ நகரம் இருப்பதால்தான் கோதமில் நடக்கும் எதற்கும் கனம் கிடைக்கிறது.

சூப்பர்மேனிலிருந்து பார்ப்போம். 1938 ஜூன் தேதியிட்ட 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழில் அவர் வந்தபோது அவருடைய ஊருக்குப் பெயரே இல்லை. அவரைப் படைத்த ஜெர்ரி சீகல், ஜோ ஷூஸ்டர் இருவரும் ஒஹாயோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரில் ஒரே பள்ளியில் படித்தவர்கள். சூப்பர்மேன் சாதாரண மனிதராக, கிளார்க் கென்ட் என்ற பெயரில் பத்திரிகை ஒன்றில் வேலைபார்க்கிறார். ஆரம்பகாலக் கதை ஒன்றில் அந்தப் பத்திரிகை கிளீவ்லாந்தில் இருப்பதாகவே வருகிறது. ஷூஸ்டர் பிறந்தது கனடாவின் டொரான்டோவில். சிறுவனாக இருந்தபோது அந்த ஊரின் 'டெய்லி ஸ்டார்' பத்திரிகையைத் தெருவில் விற்றவர் அவர். கிளார்க் வேலைபார்க்கும் பத்திரிகைக்கு முதலில் 'டெய்லி ஸ்டார்' என்றே பெயர் இருந்ததற்கு அதுதான் காரணம். 1940இல்தான் அது 'டெய்லி பிளானட்' ஆனது. தான் வரைந்த உயர்ந்த கட்டடங்களும் டொரான்டோவை மனத்தில் வைத்து வரைந்தவையே என்று ஷூஸ்டர் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். 'மெட்ரோபோலிஸ்' என்ற பெயர் 1939 செப்டம்பர் இதழில் வந்தது. ஆகவே, நியூயார்க்கின் நகல் என்று நாம் நினைக்கும் அந்த ஊர் கிளீவ்லாந்தில் கருவாகி டொரான்டோவின் சாயலில் வரையப்பட்டது. நியூயார்க்கின் நிறம் அதன்மேல் பிறகுதான் படிந்தது.

அதே 1939இல் நியூயார்க்கில் உலகக் கண்காட்சி நடந்தது. அதற்கென்றே சூப்பர்மேனை வெளியிட்ட பதிப்பகம் ஒரு சிறப்பிதழ் வெளியிட்டது. அதில் சூப்பர்மேன் கதை கண்காட்சித் திடலிலேயே நடக்கிறது. மெட்ரோபோலிஸுக்குப் பெயர் வைத்த ஆண்டிலேயே நியூயார்க்கும் அதன் பக்கத்தில் வந்து நின்றுவிட்டது என்பதைக் கவனியுங்கள்.

பேட்மேன் கதை வேறுவிதம். 1939 மே மாதம் வந்த அந்தப் பாத்திரம் முதல் சில கதைகளில் வெளிப்படையாகவே நியூயார்க்கில் இருந்தது. எழுத்தாளர் பில் ஃபிங்கர் அதை மாற்ற விரும்பினார். எந்த ஊரில் இருக்கும் வாசகரும் இது தன் ஊர் என்று எண்ண வேண்டும், நியூயார்க் என்று சொல்லிவிட்டால் அது முடியாது என்பது அவர் சொன்ன காரணம். சில பெயர்களை யோசித்துக் கைவிட்ட பிறகு, தொலைபேசிக் கையேட்டைப் புரட்டும்போது கோதம் என்ற பெயர்கொண்ட ஒரு நகைக்கடை கண்ணில் பட்டதாகவும், அதையே எடுத்துக்கொண்டதாகவும் அவர் நினைவுகூர்ந்திருக்கிறார். 1940 முடிவதற்குள் அந்தப் பெயர் அச்சில் வந்துவிட்டது.

ஆனால் அந்தக் கடைக்கு அப்படிப் பெயர் இருந்ததே கோதம் என்பது நியூயார்க்கின் பழைய பட்டப்பெயர் என்பதால்தான். 1807இல் எழுத்தாளர் வாஷிங்டன் இர்விங் நியூயார்க்வாசிகளைக் கிண்டல் செய்ய அந்தப் பெயரைப் பயன்படுத்தினார். அவர் அதை எடுத்தது இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷயரில் இருக்கும் ஒரு சிற்றூரிலிருந்து. பழைய ஆங்கிலத்தில் ஆடுகள் இருக்கும் ஊர் என்று அதற்குப் பொருள். ஜான் மன்னர் அந்த வழியாகப் போனால் அது ராஜபாட்டையாகிவிடும், பராமரிக்கும் செலவு தங்கள் தலையில் விழும் என்று அஞ்சிய ஊர்மக்கள், மன்னரின் ஆட்கள் வந்தபோது ஊரோடு பைத்தியம்போல நடித்தார்களாம். குயிலைப் பிடித்துவைத்தால் வசந்தகாலம் போகாது என்று சொல்லி அதைச் சுற்றி வேலி கட்டினார்களாம். விலாங்கு மீனைத் தண்ணீரில் மூழ்கடித்துக் கொல்லப் பார்த்தார்களாம்.

இந்த ஊரின் கதைகளில் ஒன்று நமக்கும் தெரிந்ததுதான். மீன்பிடிக்கப் போன பன்னிரண்டு பேர் திரும்பும்போது தலையெண்ணிப் பார்க்கிறார்கள். ஒவ்வொருவனும் தன்னை விட்டுவிட்டு எண்ணுவதால் பதினொருவர்தான் வருகிறார்கள், ஒருவன் மூழ்கிவிட்டான் என்று அழுகிறார்கள். வீரமாமுனிவர் தமிழில் எழுதிய பரமார்த்த குருவின் சீடர்கள் ஆற்றைக் கடந்த பிறகு செய்வதும் இதையேதான். பேட்மேன் காவல் காக்கும் இருண்ட நகரத்தின் பெயர், நம் மட்டி, மடையன் கதைகளுக்கு உறவான ஒரு நாட்டுப்புற மரபிலிருந்து வந்திருக்கிறது என்பதை அறிந்த நாளில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

சரி, வரைபடத்துக்கு வருவோம். ஒரு நாயகன் தன் ஊரிலேயே இருக்கும்வரை அந்த ஊர் எங்கே இருந்தால் என்ன? சிக்கல் தொடங்குவது அடுத்த ஊர்க்காரனைச் சந்திக்கும்போதுதான். சூப்பர்மேனும் பேட்மேனும் ஒரே அட்டையில் பல ஆண்டுகள் சேர்ந்து நின்றார்கள், வானொலி நாடகத்தில் 1945லேயே சந்தித்தார்கள். ஆனாலும் காமிக்ஸ் கதைக்குள் அவர்கள் முறையாகச் சந்தித்து, ஒருவரின் ரகசியத்தை மற்றவர் அறிந்துகொண்டது 1952இல்தான். எங்கே தெரியுமா? ஓர் உல்லாசப் பயணக் கப்பலில். கிளார்க் கென்ட்டும், முகமூடி இல்லாத பேட்மேனான புரூஸ் வேனும் ஒரே அறையில் தங்க நேர்கிறது. கோதமிலிருந்து மெட்ரோபோலிஸ் எவ்வளவு தூரம் என்ற கேள்வியே எழாத இடம் அது.

இதைவிட அழகான தீர்வு 1961இல் வந்தது. ஃபிளாஷ் என்ற பெயரில் இரண்டு நாயகர்கள் இருந்தார்கள். 1940இல் வந்த ஜே கேரிக்கின் ஊர் கீஸ்டோன் சிட்டி. 1956இல் வந்த பேரி ஆலனின் ஊர் சென்ட்ரல் சிட்டி. பேரியின் உலகில் ஜே கேரிக் என்பவர் வெறும் காமிக்ஸ் பாத்திரம். கார்ட்னர் ஃபாக்ஸ் எழுதி கார்மைன் இன்ஃபான்டினோ வரைந்த அந்தக் கதையில், பேரி தன் உடலை அதிவேகமாக அதிரவைக்கும்போது வேறோர் உலகத்துக்குள் நழுவிவிடுகிறார். அங்கே, சென்ட்ரல் சிட்டி இருந்த அதே நிலத்தில் கீஸ்டோன் சிட்டி நிற்கிறது. ஒரே இடம், இரண்டு ஊர். அதிர்வு மட்டும் வேறு. டிசி உலகின் பல பூமிகள் என்ற பிரம்மாண்டமான ஏற்பாடு முழுவதும் இந்த ஒரு கதையிலிருந்து கிளைத்ததுதான்.

பிறகு 1985-86இல் ஒரு பெருங்கதையின் மூலம் எல்லாப் பூமிகளையும் ஒன்றாக்கிவிட்டார்கள். உடனே ஒரு கேள்வி வந்து நின்றது: ஒரே இடத்தில் இருந்த இரண்டு ஊர்களை என்ன செய்வது? இரண்டையும் ஓர் ஆற்றின் இரு கரைகளில், மிசூரி-கான்சஸ் எல்லையில் இரட்டை நகரங்களாக வைத்தார்கள். நிஜத்திலும் அங்கே கான்சஸ் சிட்டி என்ற பெயரில் இரண்டு நகரங்கள் மாநில எல்லைக்கு இருபுறமும் இருக்கின்றன. அப்படியானால் பேரி ஆலன் இத்தனை காலம் ஆற்றுக்கு அக்கரையில் இருந்த பெருநகரத்தைப் பார்க்கவே இல்லையா? அதற்கும் விடை எழுதினார்கள். வில்லன்கள் மூவர் சேர்ந்து கீஸ்டோனை உலகத்தின் கண்ணிலிருந்து மறைத்துவிட்டார்கள். அப்படி ஓர் ஊர் இருந்ததையே மக்கள் மறந்துவிட்டார்கள். வரைபடத்தில் இருந்த ஓட்டையை அடைக்க எழுதிய விளக்கம்தான் இது. ஆனால் ஓர் ஊரே நாட்டின் நினைவிலிருந்து நழுவிப்போவது எவ்வளவு பெரிய துயரம்! ஒட்டுப்போட எடுத்த துணி, போர்த்திய ஆடையைவிட அழகாக அமைந்துவிட்ட இடம் இது.

கோதமுக்கும் மெட்ரோபோலிஸுக்கும் இடம் குறித்தது 1970களின் பிற்பகுதியில். கோதம் நியூ ஜெர்சி மாநிலத்தில், மெட்ரோபோலிஸ் டெலவேர் மாநிலத்தில் என்று பதிப்பகத்தின் ரசிகர் இதழ் சொன்னது. 1990இல் எழுத்தாளர் பால் குப்பர்பெர்க் தொகுத்த வரைபட நூல் அதையே பின்பற்றியது: டெலவேர் விரிகுடாவின் இரு கரைகளில் இரண்டு நகரங்களும் எதிரெதிரே. நியூயார்க், பிலடெல்பியா, வாஷிங்டன் எல்லாம் நிஜத்தில் இருக்கும் இடத்திலேயே இருக்கின்றன.

இந்த இடத்தேர்வு எனக்குப் பிடித்திருக்கிறது. நியூ ஜெர்சியின் தென்பகுதியில் பைன் பேரன்ஸ் என்ற பைன் காடு பத்து லட்சம் ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கிறது. நாட்டிலேயே மக்கள் நெருக்கம் மிகுந்த மாநிலத்தில் ஆள் நடமாட்டம் குறைந்த பெரிய பரப்பு அது. கற்பனை நகரத்தை வைக்க இடம் தேடுபவர் கண்ணில் அது படாமல் இருக்காது. விரிகுடாவின் வாயில் கேப் மே, லூயிஸ் என்ற இரண்டு நிஜ ஊர்களுக்கு இடையே படகுப் போக்குவரத்து இருக்கிறது. சுமார் 27 கிலோமீட்டர், 85 நிமிடப் பயணம். பேட்மேனின் கரையிலிருந்து சூப்பர்மேனின் கரைக்குப் போக உண்மையிலேயே டிக்கெட் வாங்கலாம் என்று நினைத்துப் பாருங்கள்.

கணக்குப் போட்டால் கொஞ்சம் இடிக்கும். டெலவேர் மொத்தமே திண்டுக்கல் மாவட்டத்தைவிடச் சற்றுப் பெரியது, அவ்வளவுதான். 2020 கணக்கெடுப்பில் மாநிலத்தின் மக்கள்தொகை பத்து லட்சத்தைக்கூடத் தொடவில்லை. அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையில் அதற்கு ஒரே ஓர் உறுப்பினர்தான். மெட்ரோபோலிஸில் ஒரு கோடிப் பேர் இருப்பதாக வைத்துக்கொண்டால், அந்த ஓர் இடம் பத்துக்கு மேல் ஆகிவிடும். அதிபர் தேர்தலின் கணக்கே மாறிவிடும். எந்தக் கதையும் இதற்குள் போவதில்லை. போக வேண்டியதில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனாலும் டிசியின் அமெரிக்கா நம் அமெரிக்காவைப் போலவே தோன்றும் இன்னொரு நாடு என்பதை இந்தச் சின்னக் கணக்கு காட்டிவிடுகிறது.

இதை ஒப்புக்கொண்ட கதையும் இருக்கிறது. டிசியும் மார்வெலும் சேர்ந்து 2003-04இல் வெளியிட்ட நான்கு பாகக் கதையில் இரு தரப்பு நாயகர்களும் ஒருவர் உலகத்துக்குள் மற்றவர் போகிறார்கள். கர்ட் பியூசிக் எழுதி ஜார்ஜ் பெரெஸ் வரைந்தது. அதில் டிசியின் பூமி மார்வெலின் பூமியைவிட அளவில் சற்றுப் பெரியது என்று வருகிறது. இத்தனை ஊர்களும் எப்படி அடங்கின என்ற உங்கள் கேள்விக்குக் கதைக்குள்ளேயே கிடைத்த நேரடியான பதில் இதுதான்.

தூரத்தையும் பரப்பையும் பற்றி இவ்வளவு போதும். கற்பனை நகரம் எதற்கு என்ற கேள்விதான் முக்கியம்.

முதல் காரணம், அதை அழிக்கலாம். 1993இல் சூப்பர்மேன் கதையொன்றில், கிரீன் லேன்டர்ன் என்ற நாயகனான ஹால் ஜோர்டனின் ஊர் கோஸ்ட் சிட்டி ஒரே இதழில் தரைமட்டமாகிறது. எழுபது லட்சம் பேர் சாகிறார்கள். கலிபோர்னியக் கடற்கரையில் இருப்பதாகச் சொல்லப்பட்ட ஊர் அது. லாஸ் ஏஞ்சலிஸும் சான் பிரான்சிஸ்கோவும் அதே கடற்கரையில் அப்படியே நின்றன. சில மாதம் கழித்துத் தொடங்கிய கிரீன் லேன்டர்ன் கதையில், ஹால் அந்தச் சாம்பல்வெளியில் நின்று தன் மோதிரத்தின் சக்தியால் ஊரையும் பெற்றோரையும் ஒளியுருவங்களாக எழுப்பிப் பார்க்கிறார். அது நிலைக்கவில்லை. அந்த வெறுமைதான் அவரைக் கொடியவராக்குகிறது. அந்த இடத்தில் லாஸ் ஏஞ்சலிஸ் என்று எழுதியிருந்தால், அடுத்த மாதமே வேறொரு கதையில் அந்த நகரம் முழுசாக வந்து நிற்கும். வாசகர் ஜன்னலைத் திறந்தால் அது அங்கேயே இருக்கும். கோஸ்ட் சிட்டி போனால் போனதுதான். பல ஆண்டுகள் கழித்துத்தான் அதை மீண்டும் கட்டினார்கள்.

இதில் நிஜ நகரங்கள் என்ன செய்கின்றன என்பதை 1998-99இல் வந்த கோதம் கதைகளைப் போல வேறெதுவும் எனக்குக் காட்டியதில்லை. கோதமில் பெரும் நிலநடுக்கம் வருகிறது. நகரம் இடிந்து கிடக்கிறது. புரூஸ் வேன் வாஷிங்டனுக்குப் போய் உதவி கேட்டு வாதாடுகிறார். தலைநகரம் மறுத்துவிடுகிறது. மக்கள் வெளியேறக் கெடு கொடுத்து, பாலங்களைத் தகர்த்து, கோதம் இனி அமெரிக்காவின் பகுதியே அல்ல என்று அறிவித்துவிடுகிறார்கள். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் ஓர் ஆண்டு முழுவதும் தெருவுக்குத் தெரு ரவுடிக் கும்பல்களிடம் அகப்பட்டுக் கிடக்கிறார்கள். கடைசியில் பணத்தைக் கொட்டிக் கோதமைக் கட்டியெழுப்புவது சூப்பர்மேனின் எதிரி லெக்ஸ் லூதர். அந்த நற்பெயரோடு அவர் 2000ஆம் ஆண்டு கதைகளில் அமெரிக்க அதிபராகவே தேர்ந்தெடுக்கப்படுகிறார்.

கைவிடப்பட்டது கற்பனை நகரம். கைவிட்டது நிஜத் தலைநகரம். வாஷிங்டனுக்கும் ஒரு கற்பனைப் பெயர் வைத்திருந்தால் இது எங்கோ ஒரு தேவதைக் கதை நாட்டில் நடந்த அநீதியாகப் போயிருக்கும். நமக்குத் தெரிந்த அரசாங்கம், நமக்குத் தெரிந்த வெள்ளை மாளிகை என்பதால்தான் அந்தக் கோபம் உடம்பில் ஏறுகிறது. நிஜ நகரங்கள் டிசி உலகில் எடைக்கல்லாக இருக்கின்றன என்று நான் சொல்வது இதனால்தான்.

இன்னொரு காரணம் மனநிலை. பேட்மேன் கதைகளை எழுதியவரும் நெடுங்காலம் அவற்றுக்கு ஆசிரியராக இருந்தவருமான டென்னிஸ் ஓ'நீல், கோதம் என்றால் நவம்பர் மாதத்தின் மிகக் குளிர்ந்த இரவில், நள்ளிரவு தாண்டிய பொழுதில் இருக்கும் மன்ஹாட்டனின் தென்பகுதி என்ற பொருளில் ஒருமுறை சொன்னார். மெட்ரோபோலிஸ் அதே தீவின் பிரகாசமான கோடைப் பகல். நிஜ நியூயார்க்குக்கு எல்லா நேரமும் எல்லாப் பருவமும் உண்டு. கற்பனை ஊரில்தான் ஒரே ஒரு நேரத்தை நிரந்தரமாக நிறுத்திவைக்க முடியும்.

அந்த இரவுக்கு இப்போது நாம் பார்க்கும் உருவம் கிடைத்ததிலும் ஒரு சுவையான சுற்று இருக்கிறது. 1989இல் வந்த பேட்மேன் திரைப்படத்துக்காக ஆன்டன் ஃபர்ஸ்ட் இங்கிலாந்தின் பைன்வுட் ஸ்டுடியோவில் ஒரு கோதமைக் கட்டினார். அதற்கு ஆஸ்கர் விருதும் கிடைத்தது. காமிக்ஸ்காரர்களுக்கு அந்தக் கனத்த, கோபுரம் கோபுரமாக நெருங்கிய நகரம் பிடித்துப்போனது. 1992இல், ஒருவன் புதிய கட்டடங்களை வெடிவைத்துத் தகர்க்க, பின்னால் மறைந்திருந்த பழைய கட்டடங்கள் வெளியே தெரிவதாக ஒரு கதை எழுதி, ஃபர்ஸ்டின் கோதமைப் பக்கங்களுக்குள் கொண்டுவந்தார்கள். மேற்சொன்ன கைவிடப்பட்ட நகரக் கதைக்காக 1998இல் எலியட் பிரவுன் தெருவும் பாலமும் தீவும் குறித்து ஒரு முழு வரைபடம் வரைந்தார். எந்தப் பாலம் உடைந்தது, எந்தக் கும்பல் எந்தப் பேட்டையை ஆள்கிறது என்பது முக்கியமாகிவிட்ட கதை அது. வரைபடம் இல்லாமல் எழுத முடியாது. பிறகு வந்தவர்கள் பலரும் அதையே ஆதாரமாகக் கொண்டார்கள். இப்போது கோதம் என்றால் எதை நம்புவது என்று கேட்டால், நான் அந்த வரைபடத்தைத்தான் காட்டுவேன்.

மார்வெல் பக்கம் வருவோம். அங்கேயும் இந்தப் பழக்கம் ஒரு நொடி எட்டிப் பார்த்தது. 1961இல் ஃபென்டாஸ்டிக் ஃபோர் முதல் இதழ் நடக்கும் ஊரின் பெயர் சென்ட்ரல் சிட்டி! சில இதழ்களுக்குள் அவர்கள் நியூயார்க்குக்கு வந்துவிட்டார்கள். பிறகு மார்வெல் அந்த நகரத்தை விடவே இல்லை. ஸ்பைடர்மேன் குவீன்ஸின் ஃபாரஸ்ட் ஹில்ஸ் பையன், டேர்டெவில் ஹெல்ஸ் கிச்சன்காரர், டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் பிளீக்கர் தெருவாசி. தங்கள் தெருவில் நடக்கும் கதை என்ற நெருக்கம் வாசகர்களுக்குக் கிடைத்தது; அதற்கு ஈடில்லை. கற்பனையை அவர்கள் வெளிநாடுகளுக்கு அனுப்பிவிட்டார்கள். வில்லன் டாக்டர் டூம் ஆளும் லாட்வேரியா ஐரோப்பாவில், 1966இல் வந்த வகாண்டா ஆப்பிரிக்காவில். நியூயார்க்கைத் தெருப்பெயரோடு மதித்தவர்கள் மற்ற கண்டங்களுக்கு மனம்போன எல்லைகளை வரைந்துகொண்டார்கள். தொலைவில் இருக்கும் வாசகனாக எனக்கு இதில் வருத்தம் உண்டு.

நம் வாசகர்களுக்கு இந்த வருத்தம் புதிதல்ல. லீ ஃபாக் 1936இல் தொடங்கிய ஃபேன்டம், ராணி காமிக்ஸில் 'மாயாவி' என்று நாம் படித்தவர். அவருடைய காட்டு நாடான பெங்கல்லா முதலில் ஆசியாவில் எங்கோ இருந்தது. பிறகு சத்தமில்லாமல் ஆப்பிரிக்காவுக்கு நகர்ந்தது. இந்தியாவில் அந்தக் கதைகளை வெளியிட்ட இந்திரஜால் காமிக்ஸுக்கு வேறு தலைவலி: பெங்கல்லா என்றால் வங்காளம் போல ஒலிக்கிறது. அதனால் அதை டெங்காலி என்று மாற்றிவிட்டார்கள். கற்பனை ஊர் ஒரு நிஜ ஊரின்மீது இடித்துக்கொண்டு விலகி நின்றதற்கு, நம் கையில் தவழ்ந்த இதழ்களிலேயே இருக்கும் சான்று இது.

மார்வெலின் நெருக்கத்துக்கு 2001 செப்டம்பரில் விலை கொடுக்க வேண்டியிருந்தது. பறந்து வந்து எதையும் தடுக்கும் இத்தனை நாயகர்கள் வாழும் நகரத்தில் நிஜமாகவே இரட்டைக் கோபுரங்கள் விழுந்துவிட்டன. 2001 டிசம்பர் தேதியிட்ட ஸ்பைடர்மேன் இதழ் முழுக் கறுப்பு அட்டையோடு வந்தது. இடிபாடுகளுக்கு முன் அவர் நிற்கிறார். எங்கே போயிருந்தீர்கள் என்று ஓடிவருபவர்கள் கேட்கிறார்கள். அவரிடம் பதில் இல்லை. தீயணைப்பு வீரர்களைப் பற்றிய பக்கங்கள் உண்மையான துக்கத்தோடு எழுதப்பட்டவை. ஆனால் அதே இதழில் டாக்டர் டூமும் நின்று கண்ணீர் விடுகிறார். கதைகளில் எத்தனையோ முறை உலகத்தையே அடிமையாக்கப் பார்த்தவர், இல்லாத ஒரு நாட்டின் மன்னர், இருக்கும் ஒரு நகரத்தின் நிஜச் சாவுகளுக்கு முன்னால் அழுகிறார். அந்தச் சித்திரத்தை ஒவ்வொரு முறையும் நான் கனத்த மனத்தோடுதான் கடக்கிறேன். கற்பனையும் நிஜமும் ஒரே சட்டத்துக்குள் நிற்கக் கூடாத இடம் உண்டு என்பதை அது காட்டிவிட்டது.

டிசியும் இந்தத் தவறுக்கு விலக்கல்ல. 1988-89இல் பேட்மேனின் உதவியாளர் ராபின் வில்லன் ஜோக்கரின் கையால் சாகும் கதையில், ஈரானின் தலைமை ஜோக்கரையே ஐக்கிய நாடுகள் சபைக்குத் தூதராக நியமிக்கிறது. தூதர் என்பதால் அவரைக் கைதுசெய்ய முடியாமல் பேட்மேன் திணறுகிறார். கதையின் முடிச்சாக அது நன்றாகவே இறுகுகிறது. ஆனால் ஒரு நிஜ நாட்டை, அதன் நிஜத் தலைமையை இப்படி இழுத்தது மலிவான செயல் என்றே கருதுகிறேன். கோதமுக்கு ஒரு கற்பனைப் பெயரின் பாதுகாப்பைக் கொடுத்தவர்கள் ஈரானுக்கு அதைக் கொடுக்கவில்லை.

எதிர்த்திசையில் போனவரும் உண்டு. டிசியின் வில்லாளி நாயகன் கிரீன் ஏரோவின் ஊர் ஸ்டார் சிட்டி. 1987இல் எழுத்தாளர் மைக் கிரெல் அவரை அங்கிருந்து எடுத்து நிஜ சியாட்டிலில் குடிவைத்தார். போதைமருந்து, தெருவன்முறை என்று தரையோடு ஒட்டிய குற்றக்கதைகளை எழுத அவருக்கு நிஜத் தெருக்கள் தேவைப்பட்டன. ஊர் அழியாது, உருமாறாது. மாற வேண்டியது மனிதர்தான் என்ற வகைக் கதைக்கு அது பொருந்தியது. பிறகு வந்தவர்கள் அவரை மீண்டும் ஸ்டார் சிட்டிக்கே அழைத்துக்கொண்டார்கள்.

கடைசியாக ஒன்று. மெட்ரோபோலிஸ் என்ற பெயரில் நிஜ ஊர் உண்டா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உண்டு. இலினாய் மாநிலத்தின் தென்கோடியில் ஒஹாயோ ஆற்றங்கரையில் இருக்கிறது. ஆற்றுப் போக்குவரத்தால் பெருநகரமாக வளரும் என்ற நம்பிக்கையோடு 1839இல் அப்படிப் பெயர் வைத்தார்கள். சூப்பர்மேனின் ஊருக்கு அந்தப் பெயர் வந்ததற்குச் சரியாக நூறு ஆண்டுகள் முன்பு. அது வளரவில்லை, இன்று சில ஆயிரம் பேர் வாழும் சிற்றூர். 1972இல் மாநிலச் சட்டமன்றம் அதைச் சூப்பர்மேனின் சொந்த ஊர் என்று தீர்மானம் போட்டு அறிவித்தது. 1993இல் நீதிமன்றத்துக்கு எதிரே பதினைந்து அடி உயர வெண்கலச் சிலை வைத்தார்கள். ஆண்டுதோறும் திருவிழா எடுக்கிறார்கள். ஊர்ப் பத்திரிகையின் பெயர் 'மெட்ரோபோலிஸ் பிளானட்'.